எதிர்க்கட்சி வக்கீல்

"ஒரு மாசத்துல வீட்டைக் காலி பண்ணிடணும். முடியாதுன்னா வக்கீலை வெச்சுக்குங்க, கோர்ட்டுக்குப் போங்க" என்று வீட்டுக்காரர் கோபாலகிருஷ்ணன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் ஷ்யாம் மாடிப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அப்பா சரியாகச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்த எல்லம்மாள் அதை மறுபடியும் அடுப்பிலேயே வைத்துவிட்டாள். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒன்பது வருஷமாக அந்தக் கீழ்ப் போர்ஷனில்தான் குடித்தனம், அதே வாசலில்தான் இட்லிக் கடை. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். மகள் ஜெனிட்டாவுக்கு மார்ச்சில் பத்தாவது பரீட்சை வேறு.

ஷ்யாம் வீட்டை ஃபிளாட் கட்டுகிறவர்களுக்கு விற்கப் போகிறானாம் என்று புருஷன் ஏசுபாதம் விசாரித்து வந்து சொன்னான். பெரிய இடத்தோடு மோத வேண்டாம், பேசாமல் வேறு வீடு பார்ப்போம் என்பது அவன் கட்சி. கோர்ட்டு என்ற பேச்சை எடுத்தாலே அவனுக்கு வேர்த்துவிடும்.

"ஒம்போது வருசமா அதிர்ந்து பேசாத மனுசன் இன்னிக்கு இன்னாத்துக்கு இப்டி கத்துறாரு? இதுல ஏதோ கீதுய்யா" என்றாள் எல்லம்மாள்.

சும்மா சொல்லவில்லை. இத்தனை வருஷம் வாய்வார்த்தையிலேயே குடிவைத்திருந்தவர், இரண்டு மாதம் முன்னால் தானாகவே ஒரு வாடகைப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டி ஏசுபாதத்திடம் கையெழுத்து வாங்கினார். எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு நகலையும் கொடுத்தார். இங்கிலீஷில் என்ன எழுதியிருந்ததோ, புருஷன் மகராசன் அதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான்.

மறுநாள் காலை ஆட்டோக்கார எல்லப்பன் சாப்பிட வந்தான். செங்கல்பட்டில் வசுமதி என்று ஒரு வக்கீலம்மா இருக்கிறார், போய்ப் பார், பீஸைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றான். உனக்கு யார் சொன்னது என்று எல்லம்மாள் கேட்டதும், தட்டில் பாதி இட்லி இருக்கும்போதே எழுந்து ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

இருந்தாலும் மனசு கேட்காமல் பத்திர நகலை எடுத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறிப் போனாள். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு மாடி அறை. இவள் வாயைத் திறப்பதற்குள், "இட்லிக் கடை எல்லம்மாதானே? உக்காருங்க" என்றார் வசுமதி. எல்லம்மாள் உட்கார்ந்தாள், ஆனால் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள்.

வசுமதி பத்திரத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இந்த ஒரு பேப்பர் போதும்மா. ஸ்டே வாங்கிடலாம். அப்புறம் கேஸ் ஏழெட்டு வருஷம் தாராளமா ஓடும்." வக்காலத்துத் தாளை எடுத்து, இங்கே ஒரு கையெழுத்து போடுங்கள் என்றார். பீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, அது கிடக்கட்டும் என்று கையை ஆட்டினார்.

எல்லம்மாளுக்கு உள்ளே மணி அடித்தது. தனக்கு எதிரான பேப்பரை எந்த வீட்டுக்காரராவது தேடி வந்து கொடுப்பாரா? பீஸ் வாங்காத வக்கீலை இந்த ஜில்லாவில் யாராவது பார்த்திருக்கிறார்களா? புருஷனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பத்திரத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

படி இறங்கித் தெருவுக்கு வந்தால், எதிர் ஜெராக்ஸ் கடையில் கோபாலகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கையிலிருந்த பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த வழுக்கையை ஒன்பது வருஷமாகப் பார்த்தவளுக்கா அடையாளம் தெரியாது?

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. வக்கீல் அவர் ஆள், எல்லப்பன் அவர் ஆள். இவள் கையெழுத்தை வாங்கிக் கேஸைப் போட்டு, வேண்டுமென்றே தோற்று, போலீஸோடு வந்து பாத்திரத்தைத் தெருவில் வைக்கத்தான் இத்தனை நாடகம். இந்த அவமானத்துக்கு நாமே போய்விடுவது மேல் என்று தோன்றியது. ரயிலில் வரும்போது அழுகையாக வந்தது.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. அடுப்பு போட வாசல் கிடையாது. பரவாயில்லை, மானம் மிஞ்சும் என்று ஏசுபாதத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் குடியிருக்கும் மாடிக்கு ஏறினாள். உள்ளே ஷ்யாம் போனில் யாரிடமோ சதுர அடி எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தான்.

"உங்க வக்கீலு எங்களுக்கு வேணாம் சார். கோர்ட்டும் வேணாம். வர்ற வெள்ளிக்கெழம காலி பண்ணிகினு போய்டுறோம்."

கோபாலகிருஷ்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். படியில் உட்கார்ந்தார்.

"போயிடாதம்மா. வசுமதி என் சிநேகிதரோட பொண்ணு, பீஸெல்லாம் நான் கொடுத்தாச்சு. நீ கேஸை மட்டும் போடு. கோர்ட்ல கேஸ் கிடக்கிற வீட்டை எவனும் வாங்க மாட்டான்."

"இன்னா சார் வெளயாடுறீங்களா? காலி பண்ணச் சொல்லிட்டு, உங்க மேலயே கேஸு போடச் சொல்றீங்க?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அவன் காலி பண்ணச் சொன்னது என்னையுந்தாம்மா."