அம்மாவுக்குச் செய்த சத்தியம்

“அவன் வந்தா வாசலோட அனுப்பிடுங்க.” கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டு, சபையின் முன்வரிசையில் அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள் மகள்.

அவன் என்றால் தம்பி. ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றவன். அன்றைக்கே அம்மா மகளின் கையைப் பைபிள் மேல் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். “இனி அவன் எனக்குப் பிள்ளை இல்ல. நீ அவன்கிட்ட பேசினா நீயும் இல்ல.”

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கடைத்தெருவில் எதிரே வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே.

மேடையில் போதகர் அம்மாவைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். “ஒரு ஞாயிறுகூட அவங்க சபைக்கு வராம இருந்ததில்ல. முதல் ஆளா வருவாங்க, ஆராதனை முடிஞ்சதும் முதல் ஆளா கிளம்பிடுவாங்க. பேரப்பிள்ளைங்கன்னா அவங்களுக்கு உயிர்!”

முதல் ஆளாகக் கிளம்புவதாவது! இருட்டுகிற நேரத்துக்குத்தான் அம்மா வீடு வந்து சேர்வாள். கேட்டால், ஜெபக்கூட்டம் என்பாள். பாவம், போதகருக்கும் வயதாகிவிட்டது, யாரையோ நினைத்துக்கொண்டு யாரையோ புகழ்கிறார் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

பின்னால் சலசலப்பு. தடுத்த கணவரை விலக்கிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். அவன் விரலைப் பிடித்திருந்த சிறுமி, கையை உதறிவிட்டு ஓடிவந்து பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

“பாட்டி, ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க?”

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அம்மாவா? உங்க வீட்டுக்கா?” அத்தனை வருஷம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“வாராவாரம் வருவாங்கக்கா. சபை முடிஞ்சதும் நேரா அங்கதான். இவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, தூங்க வெச்சிட்டுத்தான் கிளம்புவாங்க.”

ஒன்றும் அறியாதவள் போலப் படுத்திருந்த அம்மாவைப் பார்த்தாள் மகள். சத்தியம் எனக்கு, பேத்தியின் கொஞ்சல் உனக்கா?

“என்கிட்ட ஏன்டா யாருமே சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ஓடி வந்திருப்பேனேடா!”

தம்பி திகைத்துப்போய் அவளையே பார்த்தான்.

“நீதான் என்னை மன்னிக்கவே மாட்டேங்குறன்னு அம்மா சொன்னாங்களேக்கா!”