ஆறாம் நம்பர் மானிட்டர்

“ஆறாம் நம்பர் கட்டில் மானிட்டர் மறுபடியும் கத்துதாம்!”

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் அறையில், போனை வைத்துவிட்டுப் பயிற்சியாளர், வேலை பழக வந்திருந்த அவளை முறைத்தார்.

“வயரை மாத்திட்டேன் சார். மெஷினையே மாத்திட்டேன். நான் போய் நின்னா நல்லா ஓடுது.”

“உன் டியூட்டியில மட்டும் எப்படிம்மா கத்துது? இன்னைக்குக் காரணம் தெரியலைன்னா உன் சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன். வா, நானும் வரேன்.”

அவள் டூல்ஸ் பையைக் காய்கறிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.

“இது எதுக்கு?”

“பழகிடுச்சு சார். ரிப்பேர் வேலைன்னு அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு வீட்டுல ஒரே பாட்டு.”

வார்டில் மானிட்டர் அமைதியாக இருந்தது. ஆறாம் நம்பர் கட்டிலின் திரைக்குப் பின்னால் குரல் கேட்டு இருவரும் நின்றார்கள்.

“என் மருமகளை நீங்க பார்த்ததில்லையே? விரல்ல இருக்கிற இந்தக் கிளிப்பைக் கழட்டினா மெஷின் கத்தும். அவ ஓடி வருவா. அதுக்குள்ள மாட்டிக்குவேன். டாக்டரே ஒதுங்கி வழிவிடுவார், பாருங்க!”

“இன்னும் காணோமே?” என்றது பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்த குரல்.

“நர்ஸ் வந்து சத்தத்தை நிறுத்திட்டாங்க. இருங்க, இன்னொரு தடவை கழட்டறேன்.”

மானிட்டர் அலறியது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “மானம் போயிடும்னு சொன்ன எங்க அத்தைதான் சார் இது!”

பயிற்சியாளர் காய்கறிப் பையை வாங்கி, டூல்ஸ் பையை வெளியே எடுத்து நீட்டினார்.

“தோள்ல நல்லாத் தெரியற மாதிரி மாட்டிக்கிட்டுப் போம்மா. நான் ஒதுங்கி வழிவிடறேன்.”