மேகம் மேய்க்க வந்த பிள்ளை

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? உங்க பக்கம் மழை உண்டா?

இளவட்டங்கள ஊர் ஊரா அனுப்புற தேசிய சேவையில எங்க ஊருக்கு வந்த பிள்ளை ஜெபக்கனி. மேகத்தையெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி கூப்பிட்டுக் கண்மாய்க்கு மேல நிறுத்துவா. இந்தச் சேவைக்குப் பணத்தை நிறுத்திரலாமான்னு பார்க்க டெல்லியில இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. அன்னைக்குன்னு ஊரே மிளகாய் காயப்போட்டிருந்தோம். "இன்னைக்கு மட்டும் மேகத்தை அங்கிட்டு ஓட்டிட்டுப் போ தாயி"ன்னு நாங்கதான் சொன்னோம்.

அவரு வானத்தைப் பார்த்தாரு. "மேகமே இல்லை, மேய்க்க ஆளு எதுக்கு?"ன்னுட்டுக் கிளம்பிட்டாரு.

சேவையை நிறுத்தப்போறாங்களாம். இப்ப ஜெபக்கனி பெட்டி கட்டுறா. மேகமெல்லாம் இறங்கி வாசல்ல நிக்குது.

"ஆச்சி, நான் போயிட்டா இதுகள யாரு கூப்பிடுவா?"ன்னு என்னையக் கேக்குறா.

உங்க ஊருக்கு வந்த சேவைப் பிள்ளைங்க என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க. சேவையை நிறுத்தாதீங்கன்னு டெல்லிக்கு அனுப்பணும். அவ இன்னும் பெட்டியைப் பூட்டல.