அத்தாயியின் தலையில் தேங்காயெண்ணெய்

ஊர்க்கவுண்டர் வாசலில் அத்தாயியைக் குனியச் சொல்லி, மூன்று பெண்கள் அவள் தலையை முகர்ந்து பார்த்தார்கள். மூன்றாவது ஆள் நான்.

"தேங்காயெண்ணெயேதானுங்க" என்றேன்.

எங்கள் மலையில் தென்னை கிடையாது. தலைக்கும் விளக்குக்கும் பிள்ளை பெற்றவள் வயிற்றுக்கும் ஆமணக்கெண்ணெய்தான். தேங்காயெண்ணெய் அடிவாரத்துச் சரக்கு. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பொதிக்கழுதையோடு ஏறிவரும் ராசப்பன்தான் அதை விற்பான். கீழ்நாட்டுப் பெண்கள் தலைக்குத் தடவி, முகத்துக்கும் பூசி மினுக்குவார்களாம். அவன் சொல்லிக் கேள்வி. வெள்ளைக்காரன் சண்டையால் சீமெண்ணெய்க்கே வழியில்லாத காலத்தில் ஒருத்தி தலையில் அது மணந்தால், யார் கொடுத்தது என்று கேட்க மாட்டோமா?

கேட்டது நான்தான். ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகையில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள், வாசம் பின்னால் வந்தது. நாலே நாளில் வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர்வாய் என்பது பெரும்பாலும் என் வாய்தான்.

அவள் புருஷன் கருப்பண்ணன் கெட்டவன் இல்லை. தலைத்துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"இல்லைன்னு ஒரு சொல்லு சொல்லு. அது போதும்" என்றான்.

அத்தாயி சொல்லவில்லை.

புருஷன் வேண்டாமென்றால் பெண் போய்விடலாம், எங்களில் அதற்காக யாரும் கழுத்தை அறுப்பதில்லை. ஆனால் பிள்ளை தகப்பன் வீட்டோடு இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். பாப்பாயிக்கு ஐந்து வயது. மார்கழிப் பனிக்குத் தாயின் பழஞ்சேலையைச் சுற்றிக்கொண்டு அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளையை விட்டுவிட்டு இறங்கிப் போகும்படி கவுண்டர் சொன்னார். கருப்பண்ணன் கையை நீட்டினான்.

அப்போதுதான் அத்தாயி வாயைத் திறந்தாள்.

"புள்ளையும் அவருது இல்லீங்க."

பாப்பாயி அப்படியே கருப்பண்ணனை உரித்து வைத்தவள். அது பொய் என்று அங்கே படுத்துக் கிடந்த நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி வாயால் அதைக் கேட்டவனுக்குக் கண் தெரியுமா? நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். பிள்ளை "அப்பா" என்றது. அவன் திரும்பவில்லை.

அத்தாயி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடிவாரப் பாதையில் இறங்கினாள். நடக்கவில்லை, ஓடினாள். கள்ளப்புருஷனைப் பார்க்க என்ன அவசரம் பார் என்று பெண்கள் காறித் துப்பினார்கள்.

நான் பின்னாலேயே போனேன். ராசப்பன் எங்கே காத்திருக்கிறான் என்று பார்த்துவந்து சொல்ல வேண்டாமா?

இரண்டாவது வளைவில், பாறை மறைவில் பிள்ளையை இறக்கினாள். அங்கே யாரும் இல்லை.

மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. குச்சியால் நோண்டி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து இளக்கினாள். பிறகு பிள்ளையின் துணியை விலக்கினாள்.

இடுப்பில் கையகலத்துக்கு வெளிறிய தேமல். அதன் நடுவில் நெருப்புச் சுட்ட காயம், தோல் கழன்று சதை தெரிந்தது. குளிர் காயும்போது அடுப்பில் சாய்ந்திருக்கும்.

அந்தப் புண்ணின் மேல் எண்ணெயைப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். எனக்குப் பல் கூசியது.

பாப்பாயி பாறையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

கையில் மீந்த எண்ணெயை அத்தாயி தன் தலையில் துடைத்துக்கொண்டாள்.

சுட்டாலும் வலிக்காத தேமல் என்னவென்று மலையில் எல்லோருக்கும் தெரியும். பெருநோய், குஷ்டம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவனுக்கு வந்தது. காட்டுக்குள் குடிசை போட்டு வைத்தோம். கூட யாரும் போகக் கூடாது, பெற்ற தாயானாலும் சரி என்று ஊர்க்கட்டுப்பாடு. சோற்றைப் பாறைமேல் வைத்துவிட்டு வருவோம். ஒரு நாள் முந்தின நாள் சோறு அப்படியே இருந்தது. அதற்குமேல் யாரும் கொண்டுபோகவில்லை.

அத்தாயி என்னைப் பார்த்துவிட்டாள்.

"கீழ வைத்தியம் இருக்குதாம். சொல்லிராத பொன்னக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். என் மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். பாப்பாயியோடு ஒரே வட்டிலில் தின்பவள். துணியை உருவி எறிந்துவிட்டு முதுகில், தொடையில், பிட்டத்தில் கிள்ளினேன். கிள்ளக் கிள்ள அலறினாள். அந்த அலறலைக் கேட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நிமிர்ந்தால் எதிரே கருப்பண்ணன் நிற்கிறான். முகம் வீங்கியிருந்தது. நான் பின்னால் போனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பொன்னக்கா, அங்க யாராச்சும் நின்னாங்களா?"

இல்லை என்ற சொல்லுக்காகத்தான் கேட்டான். அதை நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஓடிப்போய் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு மலையேறியிருப்பான். ஊரே கூடி வரவேற்றிருக்கும், அந்தத் தேமல் கண்ணில் படும்வரை.

"ஆமா தம்பி" என்றேன். "ராசப்பன் நின்னான். புள்ளைய அவன்தான் வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போறான்."