ராத்திரி ஷிஃப்ட்டுக்கு எந்தத் தேதி?

"அந்த டென்னிஸ் உன் வாயைக் கிளறிக் கிளறி உன் வேலைக்கே வேட்டு வெக்கிறான். நீ இன்னாடான்னா அவனுக்கு இட்லி வேற குடுத்துகினு வர்றே!"

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறிய கையோடு ஸ்வீட்டி ஆரம்பித்துவிட்டாள். லூயிசாவுக்குப் பகீரென்றது.

"இன்னாடி சொல்றே?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், உனக்குத்தான் தெரியல. உன்னோட சம்பளக் கணக்கு மொத்தமும் இனிமே கம்ப்யூட்டரே போடப் போவுது. அப்புறம் உன்ன எதுக்கு வெச்சிருப்பாங்க?"

மூன்று பேருக்கும் பெங்களூரில் ஒரே கம்பெனி. இயந்திர உதிரிபாகம் செய்கிறார்கள், ஐந்து கிளைகள். ஸ்டோர், பில், சம்பளம் எல்லாமே ஒரே பழைய சாஃப்ட்வேரில் சிக்கிக் கிடந்தன. சம்பளத்தில் ஒன்றை மாற்றப் போனால் ஸ்டோரும் பில்லும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். அதைத்தான் டென்னிஸ் தனித்தனியே ஓடும் சின்னச் சின்ன சாஃப்ட்வேராக, அவன் பாஷையில் சர்வீஸாக, பிரித்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் அவனே பெருமையாகச் சொன்னான். "கேஜ் மணி மாதிரிக்கா. சுரங்கத்துல கீழ யாரு மணி அடிச்சாலும் மேல இன்ஜின்காரரு ஆளைப் பாக்க மாட்டாரு. எத்தினி தடவை அடிக்குதுன்னு கேட்டு, ஆளுங்க ஏறுற கேஜ் கூண்டை இழுப்பாரு. அதுமாதிரி எந்தக் கிளை கேட்டாலும் சம்பள சர்வீஸ் கணக்கு போட்டுக் குடுத்துடும்."

அப்போது லூயிசா சிரித்தாள். இப்போது அதே பேச்சு பயமுறுத்தியது. ஆளைப் பார்க்கத் தேவையில்லை என்றால் ஆளே தேவையில்லை என்றுதானே அர்த்தம்? கணவர் போன பிறகு வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். மகள் இன்னும் கல்லூரியில். இந்த வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

பங்காருபேட்டையில் டென்னிஸ் ஏறினான். தங்கவயலின் பாலகாட் சுரங்கப் பகுதியில் பிறந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே குடிவந்திருக்கிறான். எதிரே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ராத்திரி ஷிஃப்ட்டு. பத்து மணிக்கு உள்ள வந்து மறுநாள் காலையில வெளிய போறாங்க. அந்த ஹாஜரை எந்தத் தேதியில போடறது?"

உள்ளே வந்த தேதியில்தான் போட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் லூயிசா சொல்லுவாள்.

"வெளிய போற தேதி," என்றாள்.

டென்னிஸ் நிமிர்ந்து பார்த்தான். "நிஜமாவாக்கா?"

"ஆமா. அப்படித்தான்." குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

அவன் அப்படியே தட்டிக்கொண்டான். அன்றைக்கு இட்லி டப்பா திறக்கப்படவே இல்லை.

அதற்குப் பிறகு லூயிசாவுக்குத் தூக்கம் போனது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் இன்னொரு பக்கம். செல்போன் மணி அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது.

சோதனை ஓட்டம் முடிந்த அன்று மேனேஜர் திலீப் அவளையும் டென்னிஸையும் அறைக்குக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"நல்லவேளை, டெஸ்ட்லயே பார்த்தோம். ராத்திரி ஷிஃப்ட் ஆளுங்க அத்தனை பேருக்கும் திங்கட்கிழமை ஆப்சென்ட்! லீவு நாளான ஞாயித்துக்கிழமை வேலைக்கு வந்ததா காட்டுது. நிஜ சம்பளத்துல இப்படிப் போயிருந்தா கேட்டை மறிச்சு உட்கார்ந்திருப்பாங்க. யார் இந்த ரூலைச் சொன்னது?"

டென்னிஸ் லூயிசா பக்கம் ஒரு பார்வை பார்த்தால் போதும், எல்லாம் முடிந்தது.

"யாரும் சொல்லலை சார்," என்றான் டென்னிஸ். "நானே யூகிச்சுப் போட்டேன்."

"யூகமா? உன்னை டீம் லீடர் ஆக்கச் சொல்லி நேத்துதான் நான் எழுதிக் குடுத்தேன்! அதெல்லாம் இனிமே அடுத்த வருஷம் பார்க்கலாம்." திலீப் லூயிசா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி வரணும்?"

"உள்ள வந்த தேதி சார்." கடகடவென்று சொல்லிவிட்டாள்.

டென்னிஸ் அங்கேயே உட்கார்ந்து திருத்தினான். ஸ்டோர் நிற்கவில்லை, பில் நிற்கவில்லை. சம்பள சர்வீஸ் மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் நின்று மறுபடி ஓடியது. ஐந்து கிளைகளிலும் திங்கட்கிழமை சரியாகிவிட்டது.

திலீப்பின் கோபம் இறங்கியது. "முன்னெல்லாம் இதுக்கு ரெண்டு நாள் எல்லாத்தையும் நிறுத்தி வெப்போம். இப்ப ஒரு இடத்துல திருத்தினா அஞ்சு கிளைக்கும் போயிடுது. பிரிச்சதுக்குப் பலன் அதுதான். ஆனா ஒரு இடத்துல தப்பு நடந்தா அஞ்சு கிளையிலயும் தப்பாகும். விஷயம் தெரிஞ்ச ஆள் பக்கத்துலயே இருந்தாகணும். இந்த சர்வீஸுக்கு இனிமே நீங்கதான் பொறுப்பும்மா."

சாயங்கால ரயிலில் டென்னிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். லூயிசாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. வைட்ஃபீல்டு தாண்டியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"டென்னிஸ், நான் வேணும்னுதான்பா பொய் சொன்னேன். பயந்துட்டேன்."

"தெரியும்க்கா. எங்கப்பா வருஷக்கணக்கா ராத்திரி ஷிஃப்ட்டுக்கு சுரங்கத்துல எறங்கினவரு. அது எந்தத் தேதின்னு எனக்குத் தெரியாதா? சும்மா உறுதிப்படுத்திக்கத்தான் உங்ககிட்ட கேட்டேன்."

லூயிசா திகைத்துப்போனாள். "தெரிஞ்சுமா அப்படியே போட்டே? உனக்கு வர வேண்டியது போச்சேப்பா!"

"டெஸ்ட்டு சரியா வந்தா மறுநாளே உங்கள வேலையை விட்டு நிறுத்திடறதா இருந்தாங்கக்கா."