பதினெட்டாவது தட்டு

ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது. 'ட்ரே நிரம்பாமல் ஓட்டாதே. தண்ணீரும் கரண்டும் மிச்சமாகும்' என்று சூப்பர்வைசர் தன் கைப்பட எழுதிக் கழுவும் மெஷினில் ஒட்டிய தாள் நீராவியில் சுருண்டிருக்கிறது. ட்ரேயில் பதினெட்டுத் தட்டுக்கு இடம், பதினேழுதான் இருக்கின்றன. ஊறி வெளுத்த விரல்களால் அதன் விளிம்பைத் தட்டியபடி, கழுவுகிறவள் வாசலையே பார்த்து நிற்கிறாள். ஒரு தட்டும் வரவில்லை. சற்றுமுன் தான் சாப்பிட்ட தட்டை எடுத்துக் காலியிடத்தில் செருகுகிறாள். கச்சிதமாக உட்காருகிறது.

"யார் தட்டு இது?" சூப்பர்வைசர் பின்னால் நிற்கிறார். "என்னுதுதான் சார். ஒண்ணு குறைஞ்சுது, அதான்..." "கஸ்டமர் தட்டோட உன் தட்டா? நல்லாருக்கே!" இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போடுகிறார். மூடியை இறக்கிப் பொத்தானை அவரே அழுத்துகிறார். பதினேழு தட்டுகள்மீதும் ஒரு காலியிடத்தின்மீதும் சுடுதண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. "காலியிடம் நல்லா சுத்தமாகட்டும் அண்ணி," என்று முணுமுணுக்கிறாள் பக்கத்தில் தட்டு துடைக்கும் அவளுடைய நாத்தனார். கழுவுகிறவள் சிரிக்கவில்லை. தொட்டிக்குக் குனிந்து, தன் தட்டை எடுத்துப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறக்கிறாள். வாசல்வரை போன சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கிறார்.

"கொஞ்சமா திற. தண்ணி வீணாப் போகுது பாரு."