தனியாக வந்த சார்

மசாஜ் மேசையில் குப்புறக் கிடந்தார். முதுகு முழுக்க எண்ணெய்.

வலது கை மட்டும் இறுகியிருந்தது. உள்ளே செல்போன்.

"கையைத் தளர விடுங்க சார். நரம்பு விறைச்சுக்கிட்டு நிக்குது," என்றார் மசாஜ்காரர்.

விடவில்லை.

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால்?

கூப்பிடவில்லை. வந்ததிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

ஏற்காட்டில், ஏரியைத் தாண்டி மேலே ஏறும் சாலையில் இருந்தது அந்த ஓய்வு இல்லம். போலீஸ்காரர்களுக்கு உடம்பும் மனசும் தேறட்டும் என்று ஓர் அறக்கட்டளை நடத்துவது. தங்குவதும் சாப்பிடுவதும் இலவசம். காலையில் யோகா. பிரஷர் பார்க்க நர்ஸ். உப்புக் குறைத்த சாம்பார்; அதைப் பற்றி எல்லா ராங்க்கிலும் ஒரே கருத்து.

வருகிறவர்கள் மனைவியோடு வருவார்கள். படகில் போவார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

இவர் ஒருவர்தான் தனியாக வந்தார்.

இரட்டைக் கட்டில். இரண்டு தலையணை. ஒன்றின் உறையில் மடிப்புக்கூடக் கலையவில்லை.

சமையல்கார லூர்துவுக்கு முதல் நாளே காரணம் தெரிந்துவிட்டது. ஒட்டுக்கேட்டாள் என்று அவள்மேல் பழி போட முடியாது. காலமெல்லாம் வயர்லெஸ்ஸில் கத்திய தொண்டை அவருடையது. அதற்கு மெதுவாகப் பேச வராது. போனையும் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

ஓசூரில் மகள் வீட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் தெளிவாகவே வந்தது.

"இத்தனை வருசம் தனியா இருந்து நான் பழகிட்டேன். இப்ப நீங்க பழகுங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். அதுதான் லூர்துவுக்குத் தாங்கவில்லை. தாங்க முடியாமல் நாலு வீட்டில் சொன்னாள்.

அவர் ஸ்பெஷல் எஸ்.ஐ. திருவிழா பந்தோபஸ்தில் வெயிலில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். மேலதிகாரி இங்கே அனுப்பிவைத்தார். நான் இல்லாவிட்டால் ஸ்டேஷன் நாறிப்போகும் என்று சொல்லிக்கொண்டேதான் பஸ் ஏறினார்.

நாறவில்லை.

பொறுக்க முடியாமல் அவரே ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"ஒரு பிரச்னையும் இல்லீங்கய்யா," என்றார் ரைட்டர். "எல்லாம் ஜோரா போய்க்கிட்டிருக்கு. நீங்க நிம்மதியா இருங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

அதற்கப்புறம் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாரும் ஏரிக்குக் கிளம்பினால் இவர் வாசல் கேட்டுக்குப் போனார். பால்காரரிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். சிலிண்டர் வண்டியைத் திருப்பி நிறுத்தவைத்தார். இரண்டு தெருநாய்கள் சண்டை போட்டன. நடுவில் புகுந்து கலைத்துவிட்டார். அன்று இரவு உப்பில்லாத சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

வாட்ச்மேன் பொன்னுவேல் முதலில் பயந்தான். பிறகு அவனுக்கு விவரம் வந்துவிட்டது.

பனி இறங்குகிற சாயங்காலம்.

"சார் சும்மாதான நிக்கறீங்க. ஒரு டீ குடிச்சிட்டு வந்துரட்டுங்களா?"

"போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

வாய் மூடுவதற்குள் வந்தது பதில்.

குளிருமே என்று அவன் தன் ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் கழற்றிக் கொடுத்தான். தடியையும் கொடுத்தான். அவர் மாட்டிக்கொண்டார். கூன் கொஞ்சம் நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது.

அறக்கட்டளை அம்மா. எப்போதாவது, சொல்லாமல்தான் வருவார். கண்ணாடி பாதி இறங்கியது.

"என்னப்பா, எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"அந்தத் தனியா வந்த சார்?"

குல்லாவைக் கழற்றி, நான்தாம்மா அது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் ஒரு பாடு சிரித்திருப்பார்கள்.

பனி கேட்டுக் கம்பிகளுக்குள் புகுந்து வந்தது.

"தெரியலீங்கம்மா," என்றார்.

"என்னப்பா நீ. பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லாம கிடப்பாரு, பாவம். அப்பப்ப போய் ஒரு எட்டு பாரு. ஏதாவது வேணுமான்னு கேளு."

குதிகால்கள் தாமாகவே சேர்ந்தன.

"சரிங்கம்மா."

கார் உள்ளே போனது. கேட்டைச் சாத்தினார். பொன்னுவேல் வந்ததும் தடியையும் ஸ்வெட்டரையும் திருப்பிக் கொடுத்தார். குல்லா தலையிலேயே இருந்தது. கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

நேரே சமையலறைக்கு வந்தார்.

"சூடா ஒரு காப்பி போடும்மா."

"உங்களுக்குக் காப்பி ஆகாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்குதே சார்."

"எனக்கில்ல."

லூர்து போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வராந்தாவின் கடைசி அறை. அவருடைய அறை.

டம்ளர் தளும்பாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

சர்வீஸில் எத்தனையோ கதவுகளைத் தட்டியவர். இப்படி எதையும் தட்டியிருக்க மாட்டார். விரல் நுனியால். உள்ளே இருப்பவர் தூங்கினால் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

தட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றார்.